வெட்டிப் பார்க்காமல் புதைத்த கேக்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"அக்கா, எனக்கு 36 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு 28 லிட்டர் ஓ.டி.ஜி. ஓவன் வாங்கினேன். செய்கிற கேக் ஒன்றுகூடப் படத்தில் இருப்பது போல வருவதில்லை. நடுவில் குன்றுபோல் எழும்பி வெடித்துவிடுகிறது. சில தடவை அமுங்கிப்போகிறது. பார்த்ததும் அழுகையும் கோபமும் சேர்ந்து வரும், யார் கண்ணிலும் படாமல் கொட்டிவிடுவேன். சித்திரையில் அத்தையின் 70-ஆவது பிறந்தநாளுக்கு வெனிலா கேக் செய்தேன். 2 கப் மைதா, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 4 முட்டை, கால் கிலோ வெண்ணெய். குறிப்பில் சொன்னபடி வெண்ணெயை இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தேன். 7 அங்குல டின், 180 டிகிரி. குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு வெடிப்பு. அதைப் புறவாசலில் வாழைத் தூரில் புதைத்துவிட்டு, வீட்டுக்காரரை அனுப்பி பேக்கரியில் கேக் வாங்கி வரச் சொன்னேன். இரவு அத்தை, 'மத்தியானம் வீடெல்லாம் மணத்ததே, அந்தக் கேக் எங்கே?' என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. போன வாரம் என் மகள் (நான்காம் வகுப்பு) ஓவிய நோட்டில் ஒரு கோடு கோணலாகிவிட்டது என்று அந்தப் பக்கத்தையே கிழித்துக் கசக்கி எறிந்தாள். அதை அவள் யாரிடம் கற்றாள் என்று எனக்குத் தெரியும். கோளாறு கேக்கிலா, என்னிடமா?"

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஒரே ஒரு வரியைத் தேடிப் படித்தேன். அந்தக் கேக் எப்படி ருசித்தது என்ற வரி. அது எங்கும் இல்லை. மாவின் அளவு இருக்கிறது, டின்னின் அளவு இருக்கிறது, வெடிப்பு எத்தனை விரல் அகலம் என்பதுகூட இருக்கிறது. ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்த்ததாக இல்லை. கத்தி வைத்து வெட்டியதாகவும் இல்லை. மேற்புறத்தைப் பார்த்தீர்கள், மண்வெட்டியை எடுத்தீர்கள்.

அத்தையின் பேச்சை நான் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். மத்தியானம் வீடெல்லாம் மணத்தது என்றார்கள். வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்து வேகும்போது, நன்றாக வெந்து மேலே சிவக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மணம் அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வரும். தீய்ந்திருந்தால் தீய்ந்த வாடைதான் முதலில் வந்திருக்கும். பாளையங்கோட்டையில் 22 வருடமாகக் கேக் செய்து விற்றும், வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் வாழைத் தூரில் புதைத்தது நல்ல கேக்.

கோளாறு எங்கே என்று கேட்டீர்கள். ஒரு பங்கு சித்திரை வெயிலில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்' என்று எல்லாக் குறிப்பிலும் எழுதியிருக்கும். எந்த ஊர் அறை? அந்த வாசகம் குளிர்நாட்டிலிருந்து வந்தது. அங்கே அறை என்றால் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சித்திரையில் நம் அடுப்படியில் மின்விசிறி ஓடினாலும் 33, 34 டிகிரி சாதாரணம். வெண்ணெய் உருகி ஓடத் தொடங்கும் சூடே அதுதான். இரண்டு மணி நேரம் வெளியே இருந்த வெண்ணெய் பாதி எண்ணெயாகிவிட்டிருக்கும். வெண்ணெயையும் சர்க்கரையையும் ஏன் அவ்வளவு நேரம் அடிக்கிறோம்? சர்க்கரை மணிகளின் கூர்முனை வெண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை உண்டாக்குவதற்காக. பேக்கிங் பவுடர் தானாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. நீங்கள் அடித்து ஏற்றி வைத்த குமிழிகளை ஊதிப் பெரிதாக்குகிறது. இளகிப்போன வெண்ணெயில் குமிழி நிற்பதில்லை. பிறகு அடுப்பில் கேக் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் பிளந்தும்தான் எழும்பும்.

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழ வேண்டும், விழுந்த குழி அப்படியே நிற்க வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. சித்திரை வைகாசியில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு வைத்தால் 10, 15 நிமிடம் போதும். மார்கழியில் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போதே இளகுவதாகத் தெரிந்தால், குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் பாத்திரத்தை உட்கார வைத்து அடியுங்கள்.

அடுத்தது டின். 2 கப் மைதா என்பது ஏறக்குறைய 250 கிராம். அது 8 அங்குல வட்ட டின்னுக்கு உரிய மாவு. டின்னில் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்குதான் மாவு நிற்க வேண்டும். 7 அங்குல டின்னில் அது அளவுக்கு மேல் ஏறிவிடும். 180 டிகிரியில் ஓரமும் மேற்புறமும் முதலில் இறுகிவிடும். அப்போதுதான் நடு மாவு பொங்கத் தொடங்கும். உள்ளே நீராவியும் காற்றும் முட்டுகின்றன, மேலே ஓடு மூடிவிட்டது. எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே பிளந்துகொண்டு வரும். உங்களை அழ வைத்த வெடிப்பின் கதை இவ்வளவுதான். 8 அங்குல டின்னுக்கு மாறுங்கள். சூட்டை 160 டிகிரிக்கு இறக்குங்கள். கம்பித்தட்டைக் கீழே வையுங்கள். 45 நிமிடத்துக்கு முன் கதவைத் திறக்க வேண்டாம். அதன் பிறகு குச்சியால் குத்திப் பாருங்கள். இன்னும் சமமாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டால், பழைய வேட்டித் துணியைப் பட்டையாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, அலுமினியத் தாளுக்குள் வைத்து மடித்து டின்னின் வெளிப்புறத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஓரம் சீக்கிரம் இறுகாது, நடு கூராக எழும்பாது. சூட்டுக் கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் கவனக்குறைவு ஆகாது.

சில தடவை அமுங்கிப்போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மாலையில் செய்கிறவரா? ஓவன் 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டுச் செய்த பொருள். பம்புசெட்டும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் மின்சாரம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் கம்பி தரும் சூடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். சூட்டை வைக்கிற திருகுக் குமிழ் 160 என்று காட்டும், உள்ளே அவ்வளவு சூடு ஏறியிருக்காது. மாவு எழும்பும், எழும்பிய இடத்திலேயே இறுகி நிற்கச் சூடு போதாமல் சரிந்துவிடும். ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். குமிழ் சொல்கிற எண்ணும் உள்ளே இருக்கிற சூடும் 20 டிகிரி வித்தியாசப்படும் அடுப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவரை பகலில் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் உங்கள் கேக் நடுவில் சற்று மேடாகத்தான் வரும். என் கேக்கும் அப்படித்தான் வருகிறது. கடையில் வாங்குகிற கேக்கின் மேற்புறம் பலகைபோல் இருப்பது ஏன் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சீவிவிடுகிறோம். கேக் நன்றாக ஆறியதும், சுழலும் தட்டில் வைத்து, நீளமான பல் கத்தியைக் கிடையாகப் பிடித்து மெல்ல அறுப்போம். உச்சி ஒரு தொப்பிபோல் கழன்று வரும். வெடிப்பு விழுந்திருந்தால் அதுவும் அந்தத் தொப்பியோடு போய்விடும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்புறத்தை மேற்புறமாக்கி, அதன்மேல் கிரீம் பூசுவோம். அன்று மாலை உங்கள் வீட்டுக்காரர் வாங்கி வந்த பேக்கரி கேக்கும் அடுப்பிலிருந்து இறங்கியபோது மேடாகவே இருந்திருக்கும். உச்சியைச் சீவிக் கிரீம் பூசிய கேக்கின் பக்கத்தில், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய கேக்கை நிறுத்திவிட்டீர்கள். எந்தக் கேக்கும் அந்த ஒப்பீட்டில் ஜெயிக்காது.

இன்னொன்று. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கையும் ஒவ்வொரு பவுண்டு போட்டுச் செய்ததால் பவுண்டு கேக் என்று பெயர் பெற்ற கேக் இருக்கிறது. உங்கள் அளவும் அதற்கு நெருங்கிய உறவுதான். நீள டின்னில் செய்கிற அந்தக் கேக்குக்கு நடுவில் ஓடும் பிளவுதான் அடையாளம். அது நேராக விழ வேண்டும் என்பதற்காக, வேகும் மாவின் மேல் எண்ணெய் தொட்ட கத்தியால் கோடு கிழித்துவிடுகிறவர்கள்கூட உண்டு. நீங்கள் புதைத்ததை அவர்கள் வேண்டி வரவழைக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை நான் உறுதியாகச் சொல்ல வேண்டும். எப்படி வந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. குறை வேறு, பிழை வேறு. மேடு, வெடிப்பு, ஒரு பக்கம் கூடுதலாகச் சிவந்திருப்பது, பழத்துண்டுகள் அடியில் இறங்கியிருப்பது: இவை குறைகள். தின்கிறவருக்கு இவற்றால் ஒன்றும் நேராது. நடு மாவு வேகாமல் பிசுபிசுப்பது பிழை. முட்டை சேர்த்த மாவு வேகாமல் இருந்தால் அதைப் பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. அதைத் திருத்தத்தான் வேண்டும். வெந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்து, விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, 150 டிகிரியில் ஒரு பக்கம் 15 நிமிடம், திருப்பிப் போட்டு 15 நிமிடம் உலர்த்துங்கள். கேக் ரஸ்க் கிடைத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும், அத்தை தேநீரில் நனைத்துச் சாப்பிடலாம். நடுப்பகுதியை மட்டும் எறியுங்கள். எறிவதற்கு வருத்தப்படுங்கள், முட்டையும் வெண்ணெயும் விற்கிற விலையில் அந்த வருத்தம் நியாயமானது. அழ வேண்டாம்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது. நான் சிறுமியாக இருந்த நாளில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு நான்கைந்து நாள் முன்பு பெரியம்மா மாவைக் கலக்கி, டின்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டி, தெருமுனை ரொட்டிக் கடைக்குக் கொடுத்தனுப்புவார்கள். கடையில் ரொட்டி வேலை முடிந்து, விறகுத் தணல் அடங்கிய சூட்டில் ஊர்க் கேக்கெல்லாம் வேகும். எந்த வீட்டு டின் எந்த மூலையில் போகும் என்பது அடுப்புக்காரர் கையில் இருந்தது. சுவரோரம் போனது ஒரு கன்னம் கறுத்துத் திரும்பும். வாசலோரம் போனது வெளிறி வரும். பெரியம்மா கறுத்த கன்னத்தை, ஜாதிக்காய் உரசுகிற சின்னத் துருவியால் பூப்போல உரசுவார்கள். கறுப்புத் தூள் பழைய செய்தித்தாளில் கொட்டும். ஈரத் துணியால் ஒரு முறை ஒற்றி எடுப்பார்கள். பிறகு கத்தி. முதல் துண்டை வெட்டி, அதன் உட்புறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். துளைகள் ஒரே மாதிரி நெருக்கமாக இருக்கின்றனவா, பழம் பரவியிருக்கிறதா, விரலால் அமுக்கினால் மீண்டு எழுகிறதா. அந்தப் பார்வைதான் அவர்களுடைய பரீட்சை. மேற்புறத்தை அவர்கள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அந்தத் துண்டுகளைத் தட்டில் அடுக்கி, குரோஷா பின்னிய வெள்ளைத் துணியால் மூடி, எங்களிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்புவார்கள். மேலப்பாளையத்தில் பெரியப்பாவின் சிநேகிதர் வீடு வரைக்கும் போகும். அடுத்த வீட்டு ஆச்சியிடமிருந்து தீபாவளிக்கு அதே தட்டில் முந்திரிக்கொத்து வரும். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரித்தது. அந்த மூன்று உருண்டையும் ஒரே அளவில் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஆச்சி அதற்காக ஒரு முந்திரிக்கொத்தையாவது எறிந்திருப்பார்களா?

நாம் திருநெல்வேலிக்காரர்கள். நம் ஊர்ப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோன பண்டத்துக்கு வடிவமே கிடையாது. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கை சோரக் கிண்டுகிற அல்வா. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலை நேரத்தில் நின்று வாங்குகிறோமே, அந்தக் கடையின் பெயரிலேயே இருட்டு இருக்கிறது. கையில் விழுந்த அல்வா கோணலாக இருக்கிறது என்று யாராவது திருப்பிக் கொடுத்ததுண்டா? விரலில் நெய் மினுக்குகிறதா, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா என்று பார்க்கிறோம். 1986 வரை நம் மாவட்டமாகவே இருந்த தூத்துக்குடியின் மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளை, மூன்றே பொருள். கூம்பு கூம்பாக இட்டு, மெல்லிய சூட்டில் உலர வைப்பது. ஒரு கூம்பின் நுனி வலப்பக்கம் சாய்ந்திருக்கும், ஒன்றுக்கு நுனியே இருக்காது. எங்கள் வீட்டில் டப்பாவைத் திறந்தால் உடைந்ததற்குத்தான் முதலில் கை நீளும்.

இப்படித் தின்று வளர்ந்த உங்களுக்கு, கேக் என்று வந்ததும் மட்டும் கண் மாறிப்போனது ஏன்? அல்வாவை நீங்கள் வாயால் அறிந்தீர்கள். கேக்கைப் படத்தில் அறிந்தீர்கள். படத்தில் மணமும் இல்லை, மெத்தென்ற பதமும் இல்லை. இருப்பதெல்லாம் மேற்புறம். இரண்டு வருடமாக அதையே பார்த்துப் பழகிய கண், சொந்த அடுப்பிலிருந்து வந்ததையும் அப்படியே எடைபோடுகிறது. கண்ணைப் பழக்கியது போல நாக்கையும் பழக்க வேண்டும். அதற்கு வெட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

வகுப்புக்கு வருகிற பெண்களிடம் பல வருடமாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். தட்டை நீட்டும்போதே, "இன்றைக்குச் சரியாக வரவில்லை, கொஞ்சம் கெட்டியாகிவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே நீட்டுவார்கள். வாங்குகிறவர் என்ன செய்வார்? "ஐயோ, நன்றாகத்தானே இருக்கிறது" என்று தேற்றத் தொடங்குவார். தேற்றிக்கொண்டே விழுங்கிவிடுவார், ருசி அவருக்குத் தெரியாமலே போய்விடும். கொடுத்தவருக்கும் அந்தப் பாராட்டு ஒட்டாது. கேட்டு வாங்கியது என்று மனத்துக்குத் தெரியும். ஆகவே என் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். கொடுக்கும்போது கேக்கைப் பற்றிப் பேசக் கூடாது. "சாப்பிடுங்கள்" என்ற ஒரு சொல் போதும். முதல் நாள் எல்லோருக்கும் வாய் துடிக்கும். அந்த ஒரு நிமிட மௌனத்தைத் தாங்கிவிட்டால், சாப்பிடுகிறவர் தானாக ஏதாவது சொல்வார். "சர்க்கரை சற்று முன்னால் நிற்கிறது" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுவார். இரண்டுமே உங்களுக்கு உண்மையான செய்தி. அடுத்த முறை மதினி வீட்டுக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பும்போது இதைச் செய்து பாருங்கள். உங்களுக்கு இது மைதாவையும் வெண்ணெயையும் விடக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மகளைப் பற்றி எழுதிய வரிகளில்தான் உங்கள் மனம் முழுதும் இருக்கிறது. கோணல் கோடு தப்பில்லை என்று அவளை உட்கார வைத்துப் புத்தி சொல்ல வேண்டாம். நீங்கள் மறைத்தாலும் கேக் புதைந்ததை அவள் பார்த்திருப்பாள், சொல் எடுபடாது. வரும் சனிக்கிழமை காலையில் அவளை அடுப்படியில் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோடு போடாத நோட்டு ஒன்றை வாங்கி அவளிடம் கொடுங்கள். தேதி, டின்னின் அளவு, தெர்மாமீட்டர் காட்டிய சூடு, எத்தனை நிமிடம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும். கேக் வெளியே வந்ததும், எப்படி இருக்கிறதோ அப்படியே அவள் அதை வரைய வேண்டும். மேடு இருந்தால் மேடு, வெடிப்பு இருந்தால் வெடிப்பு. வெடிப்பு எந்தப் பக்கம் வளைந்து போகிறது, எங்கே அகலம், எங்கே மெலிவு என்று உற்றுப் பார்த்து வரையட்டும். அந்தக் கோடு கோணலாகப் போனால்தான் படம் சரி. என் வகுப்பிலும் இப்படி ஒரு நோட்டு உண்டு. அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும் என்று அந்தப் படத்தைப் பார்த்தே முடிவு செய்வோம், ஆகவே இது பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிற வேலை என்று எண்ண வேண்டாம். வரைந்த பிறகு கேக் ஆற ஒரு மணி நேரம் பிடிக்கும். பிறகு வெட்டி, பக்கத்திலேயே 'ருசி' என்று எழுதி, அவள் சொல்வதை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

எறிந்துவிட வேண்டும் என்ற அந்த வேகம் கேக்கோடு நிற்கிறதா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கோலத்திலும், உடுத்துவதிலும், பேசிய பேச்சிலும் தொடர்ந்து வந்து, இரவுத் தூக்கத்தையும் கெடுக்கிறது என்றால், அது அடுப்பைத் திருத்திச் சரியாகிற விஷயமில்லை. மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-இல் தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம். உங்கள் கடிதம் அவ்வளவு தூரம் போகிறதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் சொல்லி வைப்பது என் கடமை.

சனிக்கிழமைக் கேக்கில் முதல் துண்டு அத்தைக்கு. அன்று இரவு அவர்கள் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, வாழைத் தூரில் போனது எது என்று சொல்லிவிடுங்கள். மகளும் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா